மாடன் பங்கு

பிப்ரவரி 4, ஞாயிறு

குடி மறுவாழ்வு வார்டு டாக்டர் இந்த நோட்டைக் கையில் திணித்து, தினமும் எழுதச் சொல்லிவிட்டார். குடிக்காமல் இருந்த நாட்களை எண்ணிப் பக்கத்தின் மேல் மூலையில் போட வேண்டுமாம். எண்ண மாட்டேன். நாள் எண்ணுகிறவன் ஜெயிலில் இருக்கிறவன். என்றைக்கு வெளியே போவோம் என்றுதான் அவன் எண்ணுவான். நான் எங்கேயும் திரும்பிப் போகப் போவதில்லை.

வார்டிலிருந்து நேரே சங்கரன்கோவிலுக்குப் போனேன். பொங்கலுக்கு முன்னாலேயே என் மனைவி முப்பிடாதி மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நிறுத்தி வைத்தே பேசினாள்.

"கொடை முடியட்டும். அதுக்குப் பொறவு பாக்கலாம்."

"நான்தான் விட்டுட்டேனே, முப்பிடாதி."

"வருசா வருசம்தான் விடுதீக. சித்திரைக் கொடையில மாடன் வருவாரு, மாடன் குடிப்பாரு, மறுநாள்லேருந்து நீங்க குடிப்பீக. இந்தத் தடவ சாமியே குடிச்சாலும் நான் வரமாட்டேன். பாத்துக்கிடுங்க."

கதவைச் சாத்தவில்லை. அதனால் நானாகவே கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தேன்.

அவள் சொல்வதில் பொய் இல்லை. எங்கள் சொந்த ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் எங்கள் குடும்பத்துக்குத்தான் சாமிகொண்டாடி உரிமை. வருடம் ஒரு முறை கொடை விழாவில் மாடன் என் மேல் இறங்குவார். நேர்ச்சையாக வரும் பாட்டில்களை என் வாயால் குடிப்பார். அதற்கு முன் அப்பா மேல் இறங்கினார். அப்பா நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டுச் செத்துப் போனார். மாடனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 7, புதன்

கை நடுங்குகிறது. இன்று ஒரு ஜன்னல் கிரில்லில் நான் வைத்த வெல்டிங்கைப் பார்த்துவிட்டு முதலாளி, "என்ன பலவேசம், கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றார். இனி கொஞ்ச நாளைக்கு கிரைண்டிங் மட்டும் பார் என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். மனதுக்குள் சொன்னதை எழுதினால் டாக்டர் படிப்பார்.

மதியம் ஒரு பையன், ஸ்பீக்கர் பெட்டி வைக்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும் என்று வந்தான். பெயர் ஜெபசிங். செல்போன் கடையில் வேலை, ஞாயிறு காலையில் சர்ச்சில் கிதார். என்னை உற்றுப் பார்த்தான்.

"நீங்க மெல்லிசைக் குழுவுல டிரம்ஸ் அடிச்ச அண்ணன்தானே? கழுகுமலையில மேடையிலேருந்து விழுந்தது?"

பத்து வருடம் நன்றாக அடித்தேன். விழுந்தது ஒரே தடவை. ஊருக்கு விழுந்ததுதான் ஞாபகம்.

"விழுந்தவன்தான். இப்ப என்ன?"

"எங்களுக்கு டிரம்ஸுக்கு ஆள் வேணும்ணே."

பிப்ரவரி 11, ஞாயிறு

போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

ஜெபசிங்கின் மாமாவுடைய மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ், எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். ஊருக்கு வெளியே கரிசல் காட்டு ஓரத்தில் தகர ஷெட். இன்னும் மருந்து வாசம் போகவில்லை. மூலையில் காலித் தீப்பெட்டிகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. ஜெபசிங் காலை ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே வந்திருந்தான். காலையில் கர்த்தருக்கு, மதியம் எங்களுக்கு.

பாடுவது நாச்சியார் டீச்சர். அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர், நாற்பது வயது இருக்கும், கழுத்தில் விசில் தொங்குகிறது. கைகூப்பினேன். பதிலுக்கு அவர் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சி என்னை மோந்து பார்த்தார்.

"சரி. உக்காருங்க. இங்க ஒரே சட்டம்தான். குடிச்சுட்டு வந்தா வாசலோட போயிரணும். எங்க வீட்டுக்காரரு குடிச்சே செத்தவரு. அந்த வாடைக்கு நான் நாய் மாதிரி."

பிறகு பாடினார். பாட்டு என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளைகளை இருபது வருடமாகக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஜெபசிங் கிதார்க் கம்பிகளைத் தொளதொளவென்று தளர்த்திவிட்டு அடித்தான். கூரைத் தகரம் அதிர்ந்தது. ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்து உடைந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

என் பழக்கத்துக்கு நான் வேகமாக எடுத்தேன். ஜெபசிங் கையைத் தூக்கிவிட்டான்.

"அண்ணே, மெதுவா. இன்னும் மெதுவா. மழை பெஞ்ச கரிசக்காட்டுல நடந்தா கால எப்படிப் பிடிச்சு இழுக்கும்? அப்படி இருக்கணும். அமெரிக்காவுலயும் தெக்குப் பக்கத்துக்காரனுவதான் இப்படி வாசிப்பானுவ. அங்கயும் வெயிலு, சகதி, வேலையில்ல, குடி. நம்ம ஊரேதான்."

"அவனுவ தெக்குன்னா நாம தெக்குக்கும் தெக்கு" என்றார் டீச்சர். "அடிங்க பலவேசம்."

ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒருவன் பீடி பற்றவைத்து ஓர் இழுப்பும் இழுத்துவிடலாம், அவ்வளவு இடைவெளி. வேகமாக அடிப்பது எந்தக் குடிகாரனாலும் முடியும். இந்த இடைவெளியில் சும்மா இருப்பதுதான் முடியவில்லை. கை முந்தியது. பாதியில் எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது.

வரவில்லை. விழுந்தவன் என்று ஒரு பெயர் போதும், ஓடினவன் என்று இன்னொன்று வேண்டாம்.

பிப்ரவரி 14, புதன்

கிரைண்டிங். சோறு. தூக்கம் இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்று ஒன்று பிடிபட்டது. டாக்டருக்கும் இது தெரியாது என்று நினைக்கிறேன்.

குடிக்க வேண்டும் என்ற எண்ணம் நாள் முழுவதும் இருப்பதில்லை. இரண்டு வேலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டை விழுமே, அதில்தான் நுழைகிறது. பட்டறை மூடி வீட்டுக்கு நடக்கிற நேரம், குளித்துவிட்டுச் சட்டை தேடுகிற நேரம். அந்த ஓட்டையை அடைக்க நான் ஓடிக்கொண்டே இருந்தேன். ஆனால் இந்த இசை முழுக்க ஓட்டைதான். ஓர் அடி, பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை டிரம் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த அடி வரும் என்று நம்ப வேண்டும். அதுவரை சாக மாட்டோம்.

மூன்று பாட்டு முடித்தோம். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளித் தண்ணீர். பசித்தது. வார்டிலிருந்து வந்தபிறகு இன்றுதான் பசித்தது. மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் புரோட்டா தின்றோம். டீச்சர் என்னைவிட இரண்டு அதிகம்.

மார்ச் 3, ஞாயிறு

டீச்சர் சொல்லிவிட்டார்: "புதுப் பாட்டுக்கு வார்த்தை நீங்க எழுதுங்க. குடிச்சுக் கெட்டவன் எழுதினாத்தான் எனக்குத் தொண்டை வரும்."

நான் கிரில்லுக்கு டிசைன் வரைவேன், பாட்டு எழுதியதில்லை. ஆனாலும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

எனக்குப் போதும், மண்ணே நீ குடி
எங்கப்பன் பங்கும் நீயே குடி
அடகு வச்ச நாக்க மீட்டுட்டேன்
அடுத்த வாயி உனக்குத்தான், நீயே குடி

டீச்சர் வாசித்துப் பார்த்தார். விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். அவருக்குப் பிடித்தால் அப்படித்தான் என்று ஜெபசிங் சொன்னான்.

மகள் போனில் பேசினாள். "அப்பா, இன்னிக்கு டிரம் அடிச்சியா?" என்று கேட்டாள். அடித்தேன் என்றேன். "நல்லா அடி" என்றாள். பின்னால் முப்பிடாதி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்த மாதிரி இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

வம்பு ஜெபசிங்கால் வந்தது. நான் சாமிகொண்டாடி என்று எங்கேயோ கேட்டிருக்கிறான்.

"அண்ணே, கொடையில கணியான் கூத்துக்காரங்க மகுடம் அடிப்பாங்களே, மாடன் இறங்குத அடி, அத இந்தப் பாட்டுக்கு வச்சா எப்படி இருக்கும்!"

மகுடம் வட்டமான தோல் மேளம். இரண்டு பேர் அடிப்பார்கள், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். உச்சம் ஊரைக் கூப்பிடும். மந்தம் என்னைக் கூப்பிடும். அந்த அடி என் முழங்காலில் இருக்கிறது, நான் கற்றுக்கொண்டதில்லை. முடியாது என்றேன். கெஞ்சினான். சரி, ஒரு தடவை என்று பெரிய டிரம்மில் மந்தத்தையும் சின்னதில் உச்சத்தையும் எடுத்தேன்.

டீச்சர் பாடாமல் நின்றுவிட்டார். ஜெபசிங்குக்குக் கையில் மயிர் எழும்பிவிட்டதாம், காட்டினான். அவ்வளவு நன்றாக இருந்தது.

எனக்கு நாக்கு ஊறியது.

மார்ச் 18, திங்கள்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 21, வியாழன்

சட்டையைத் துவைத்துப் போட்டேன். செல்போன் கண்ணாடி உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். பட்டறைக்கு மூன்று நாள் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன்.

மார்ச் 24, ஞாயிறு

டீச்சர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். இன்று நான் சுத்தமாகத்தான் போனேன். ஆனால் ஊர் சின்னது, யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

"டீச்சர், அந்த அடி மாடனோட அடி. அத அடிச்சதும் மாடன் இறங்கிட்டாரு. குடிச்சது நான் இல்ல."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓஹோ. அப்ப கடையில வரிசையில நின்னது யாரு, மாடனா? வல்லய ஈட்டிய ஓரமா சாத்தி வச்சுட்டு, 'அண்ணே ஒரு குவாட்டர்'னு கேட்டாராக்கும்? சில்லறை சரியா வாங்கினாரா?"

ஜெபசிங் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாமியைக் கேலி செய்யாதீர்கள் என்று கத்தினேன்.

"நான் சாமியக் கேலி பண்ணல. நீங்கதான் பண்ணுதீங்க. நீங்க செஞ்ச காரியத்துக்கெல்லாம் அவரு தலையக் குடுக்கணுமா? ஒரு வாரம் வராதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேர்ல யாரு வரப்போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

கட்டையை அங்கேயே விட்டெறிந்துவிட்டு வந்தேன். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். கடையைத் தாண்டி வந்திருக்கிறேன் என்பது வீட்டுத் திண்டுக்கல் பூட்டைத் திறக்கும்போதுதான் தெரிந்தது. கோபத்தில் பார்க்கவே இல்லை.

மார்ச் 31, ஞாயிறு

போனேன். நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்றேன். டீச்சர் கட்டையை எடுத்து நீட்டினார், துடைத்து வைத்திருந்தார்.

அந்த அடியை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

முதலாளி வெல்டிங் ஹோல்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கேட் முழுக்க நான்தான். கம்பளிப்பூச்சி இல்லை.

சாயங்காலம் வைகுண்டம் அண்ணன் போன். பெரியப்பா மகன், கோயில் காரியம் எல்லாம் அவர் பொறுப்பு.

"ஏல பலவேசு, மே மூணு வெள்ளிக்கெழம கால்நாட்டு. பத்தாந்தேதி கொடை. இந்த வருசம் நேர்ச்சை ஜாஸ்தி. செல்லக்கனி அத்தை அவ மவனுக்குத் துபாய்ல வேலை கெடைச்சதுக்கு உசந்த பிராந்தியா எடுத்து வச்சிருக்கா."

"அண்ணே, நான் விட்டுட்டேன்."

"நீ விட்டா என்னலே? மாடன் விடலயே. குடிக்கப் போறது அவருதானே."

நானும் இத்தனை வருடம் இதைத்தான் சொல்லிவந்தேன். இன்னொருத்தர் வாயில் கேட்கும்போது என்னவோ போல இருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. ஷெட்டில் கொடை விஷயத்தைச் சொன்னேன். போகாதீங்கண்ணே என்றான் ஜெபசிங். பல் வலி, வயிற்று வலி என்று எதையாவது சொல்லிவிடலாம் என்று யோசனையும் கொடுத்தான்.

முப்பிடாதியிடமும் போனில் கேட்டேன், போகாமல் இருந்துவிட்டால் வருவாயா என்று.

"இந்த வருசம் ஒளிஞ்சுக்கிடுவீக. அடுத்த வருசம்? வருசா வருசம் சித்திர மாசம் வந்தா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு கெடக்க ஆளோட நான் எப்படிக் குடும்பம் நடத்த?"

போய்த்தான் ஆவேன். பாட்டிலுக்குப் பயந்து என் குலசாமியை விட்டு நான் ஏன் ஓட வேண்டும்? ஓடுவதென்றால் பாட்டில் ஓடட்டும். மாடன் எனக்குப் பாட்டன். எங்கள் இருவருக்கும் நடுவில் பிராந்திக்கு என்ன வேலை?

டீச்சர், "அப்ப அந்த அடிய இங்கயே பழகிட்டுப் போங்க" என்றார். "பரிட்சைக்குப் போறவன் பாடத்தப் படிக்காம போவானா?"

ஏப்ரல் 21, ஞாயிறு

மகுட அடி. நாக்கு ஊறியது. அதோடேயே உட்கார்ந்து அடித்தேன். டீச்சர் என் பாட்டை அதன் மேல் பாடினார். மண்ணே நீ குடி, மண்ணே நீ குடி. முடிந்ததும் அவரே பஸ் ஏற்றிவிட்டார், பஸ் நகரும்வரை நின்றார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மகுட அடி. நாக்கு ஊறியது. முன்னளவு இல்லை. அந்த இரண்டு அடிக்கு நடுவில் இருக்கிற இடத்தை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன அறை மாதிரி. உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

மே 3, வெள்ளி

கால்நாட்டு. ஊருக்குப் போய், பந்தக்கால் நட்டு, கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தேன். இனி கொடை வரை விரதம். கறி கூடாது, மது கூடாது, செருப்புக் கூடாது. வேடிக்கையைப் பாருங்கள்: விரதத்தில் ஒரு சொட்டுத் தொட்டால் தெய்வக் குற்றம். கொடையன்று மூக்கு முட்டக் குடிக்காவிட்டால் அதுவும் தெய்வக் குற்றம். இதை முன்னால் நான் யோசித்ததே இல்லை. நேரம் எங்கே இருந்தது?

மே 9, வியாழன்

ஊருக்கு வந்துவிட்டேன். வைகுண்டம் அண்ணன் வீட்டு அலமாரியில் பாட்டில்கள் பூ சுற்றி வரிசையாக நிற்கின்றன. சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி என்னைப் பார்க்கின்றன.

பயமாக இருக்கிறது. இதை மறைப்பானேன்.

மே 11, சனி

நேற்று மதியக் கொடை. அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பெல்லாம் வலி.

சாமி இறங்கினால் சாமிகொண்டாடிக்கு நினைவு இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் எனக்கும் ஒன்றும் நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதை எழுதுகிறேன்.

உச்சி வெயில். கச்சை கட்டி, சலங்கை கட்டி, குல்லா வைத்து, வல்லயத்தைக் கையில் கொடுத்து என்னைப் பீடத்தின் முன் நிறுத்தினார்கள். கூத்துக்காரர்கள் மகுடத்தை நெருப்பில் வாட்டிக் காய்ச்சி எடுத்து வந்தார்கள். உச்சம் எடுத்தது. குலவை கிளம்பியது. பிறகு மந்தம் விழுந்தது, ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஜெபசிங்கும் டீச்சரும் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றார்கள், அவன் செல்போனில் பதிந்துகொண்டிருந்தான். முப்பிடாதி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேப்பமரத்துக்கு இடப்பக்கம், பச்சைச் சேலையில், மகளை முன்னால் நிறுத்தி இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடன் ஆடினார். இந்த வருடம் போல் எந்த வருடமும் ஆடியதில்லை என்கிறார்கள்.

அண்ணன் முதல் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அது செல்லக்கனி அத்தையுடையது. மாடன் வாங்கினார். மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றார். ஊரே பார்த்தது. அந்த நேரத்தில் மந்த மகுடத்தில் ஓர் அடி விழுந்து அடுத்த அடி வரவில்லை, வர வேண்டிய நேரம்தான், ஆனால் நெடுநேரமாக வரவில்லை. அந்த நேரத்துக்குள் ஒரு மனிதன் குடித்தும் முடிக்கலாம், குடிக்காமலும் முடிக்கலாம்.

அடி விழுந்தது. மாடன் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். அவ்வளவும் மண்ணுக்குள் போனது.

"எனக்குப் போதும்லே!" என்று மாடன் சொன்னாராம். "மண்ணு குடிக்கட்டும். இவன் அப்பன் பங்கும் அதுவே குடிக்கட்டும்!"

கூட்டம் இரண்டு அடி பின்வாங்கியதாம். செல்லக்கனி அத்தை மட்டும், "ஐயோ மாடா, எம் நேர்ச்சைய வாங்கிக்கிடலியே" என்று அழுதாள். மாடன் அவள் நெற்றி நிறைய திருநீறு பூசி, "வாங்கிட்டேன் தாயி. ஒம் புள்ள நல்லா இருப்பான்" என்றார். அவள் அழுகை நின்றது. பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒவ்வொன்றையும் மாடன் தொட்டார், கவிழ்த்தார், திருநீறு கொடுத்தார். பீடத்தின் முன்னால் மண் சகதியாகிவிட்டது. அந்தச் சகதியில்தான் மாடன் கடைசிவரை ஆடினார்.

ஆட்டம் முடிந்து எனக்குத் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தபோது டீச்சர் பக்கத்தில் வந்து, காதுக்குள் சொன்னார்: "மாடன் நம்ம பாட்டச் சுட்டுட்டாரு, பலவேசம்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல டீச்சர்."

"ஆமாமா. எப்படி இருக்கும்?"

ஜெபசிங் பதிந்ததைப் போட்டுக் காட்டட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

முப்பிடாதி வந்து, "எந்திரிங்க. பஸ்ஸுக்கு எப்ப கெளம்பணும்?" என்றாள். மகள் என் சலங்கையைக் கழற்றினாள். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மே 12, ஞாயிறு

கோவில்பட்டி. வீட்டில் மூன்று பேர்.

காலையில் முப்பிடாதி பிரசாதப் பையைப் பிரித்தாள். தேங்காய், பழம், திருநீறு. அதற்கடியில் துண்டில் சுற்றி ஒரு முழு பாட்டில், மூடி உடைக்காதது. அவள் அதை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னையே பார்த்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆமலே, நான்தான் வச்சேன்" என்றார் ஒன்றுமே நடக்காத மாதிரி. "சாமிகொண்டாடி பங்கு. ஒங்கப்பனுக்கும் வருசா வருசம் குடுத்தது. ஒனக்கும் குடுத்ததுதானே?"

"கொடையில மாடன் என்ன சொன்னாருன்னு நீ கேக்கலியா?"

"கேட்டேனே. மாடன் வேண்டாம்னாரு, சரி. நீ வேண்டாம்னு சொல்லலியே?"

போனை வைத்துவிட்டேன். இத்தனை வருடம் குடித்தது மாடன் என்றேன். முந்தாநாள் மறுத்ததும் மாடன் என்றேன். அப்படியென்றால் இந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் இதுவரை எதுவுமே சொல்லவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

வீட்டில் மேளம் இல்லை, குலவை இல்லை. மிக்ஸி ஓடுகிறது. நாக்கு ஊறியது.

முப்பிடாதி பாட்டிலை எடுத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் போனாள். "ஊத்தாத" என்றேன். அவள் முகம் செத்துப் போனது.

"ஏன்?"

"நீ ஊத்தினா நீ ஊத்தினது. மத்தியானம் ஷெட்டுக்கு எடுத்துட்டு வா. நான் தொடமாட்டேன், நீயே கொண்டு வா."

"அங்க எதுக்கு?"

"வந்து பாரு."

நம்பவில்லை. நம்பாமலேயே பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தத் தைரியம் எனக்கு இல்லை, அவளுக்கு இருக்கிறது. வழியெல்லாம் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மகளை எனக்கும் தனக்கும் நடுவில் நடக்க வைத்தாள்.

ஷெட்டில் பாட்டிலைப் பார்த்ததும் டீச்சர் மூக்கு விடைத்தது. நான் பேச விடவில்லை.

"முப்பிடாதி, அத ஸ்பீக்கர் பெட்டி மேல வையி. நடுவுல."

வைத்தாள். மகளின் காதில் பஞ்சு வைத்துவிட்டு, தீப்பெட்டி மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். நான் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். பாட்டில் என் கண்ணுக்கு நேராக இருந்தது. மகுட அடி என்றேன். ஜெபசிங் தயங்கினான். பிறகு கம்பியைத் தளர்த்தினான்.

அடித்தேன். ஸ்டாண்டுக்குப் போன மாதம்தான் நான் மறுபடி வெல்டிங் வைத்தேன், அசையாது. ஆனால் பெட்டி அதிர்ந்தது. பாட்டில் நின்ற இடத்தில் ஒரு நடுக்கம் நடுங்கியது. என் கை நடுங்கவில்லை. டீச்சர் எடுத்தார்: எனக்குப் போதும். அடுத்த அடியில் பாட்டில் ஒரு நூல் நகர்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு நூல். வேகமாக அடித்தால் சீக்கிரம் விழுந்திருக்கும். வேகமாக அடிக்கவில்லை. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் கட்டையைத் தூக்கிப் பிடித்து அதை முழுசாகப் பார்த்தேன். வேண்டுமென்றால் எழுந்து இரண்டு எட்டு வைத்து எடுத்துவிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. எடுக்கவில்லை. அடித்தேன். பார்த்தேன். எடுக்கவில்லை. அடித்தேன்.

டீச்சர் கடைசி வரிக்கு வந்தபோது பாட்டில் விளிம்புக்கு வந்துவிட்டது. பாதி வெளியே, பாதி உள்ளே நின்றது. ஜெபசிங் நிறுத்திவிட்டான். டீச்சரும் நிறுத்திவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்" என்றேன். சத்தமாகத்தான். என் குரலில்தான். பிறகு அடித்தேன்.

சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. வெயில் நேரத்துத் தகர ஷெட்டில் வாடை குப்பென்று கிளம்பியது. டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து பாடினார், நாங்கள் அந்த வாடைக்குள்ளேயே முழுப் பாட்டையும் வாசித்து முடித்தோம்.

"வெளக்குமாறு எங்க இருக்கு?" என்றாள் முப்பிடாதி. மகளைக் கிட்டே வராதே என்று அதட்டிவிட்டுக் கண்ணாடியைக் கூட்டினாள். கூட்டிக்கொண்டே கேட்டாள்: "இப்ப அடிச்சது யாரு, மாடனா?"

"நான்" என்றேன்.

"கொடையில பேசினது?"

"அதுவும் நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடித் துண்டுகளை ஒரு காலித் தீப்பெட்டிச் சாக்கில் அள்ளிப் போட்டுக் கட்டினாள். "நல்லாத்தான் அடிக்கீக. காதுதான் போச்சு" என்றாள்.

டாக்டர் கேட்டபடி இன்றைக்கு இதை மேலே மூலையில் எழுதி வைக்கிறேன். நாள் கணக்கு இல்லை. இன்று மாடன் இறங்கவில்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.